வள்ளத்தில் போய்ப் படித்து வந்தது

(பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், புள்ளக்காம்பராவில் கூடியிருந்த தாய்மார், இளைஞர் யுவதிகள் மத்தியில் ஆற்றப்பட்ட உரை. பேசியபடியே பெரும்பாலும் தரப்படுகிறது.)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். ஈரப் படங்கை இன்னும் அவிழ்க்காதவர்களையும் பார்க்கிறேன். அதனால் சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்திருக்கிறேன். நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வெளியாள் இல்லை. இந்தத் தோட்டத்து மேக்கணக்கு லயத்தில் பிறந்தவன். எங்கள் அம்மா இந்த மலையில் 31 வருசம் கொழுந்தெடுத்தார். அப்பா கான் வெட்டுகிற ஆள். 2017ஆம் ஆண்டு வெளிநாட்டு இளைஞர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்து, அமெரிக்காவில் பிள்ளைகள் முகாம் ஒன்றுக்குச் சமையல் உதவியாளாகப் போனேன். மூன்று மாதம் இருந்தேன். அதில் எட்டு நாள், பிள்ளைகளோடு வள்ளத்தில் காட்டுக்குள்ளே போனோம். அந்த எட்டு நாளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதோடு, இத்தனை வருசமாக யாரிடமும் சொல்லாத ஒரு விசயமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மினசோட்டா என்று ஒரு மாநிலம். அதன் வடக்கு எல்லையைத் தாண்டினால் கனடா. அந்த எல்லை ஓரமாக, ஏறக்குறைய 150 மைல் நீளத்துக்கு ஏரியும் காடுமாகக் கிடக்கிற ஒரு பிரதேசத்துக்கு பவுண்டரி வாட்டர்ஸ், அதாவது எல்லைத் தண்ணீர், என்று பெயர். பரப்பு ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கர். உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். ரோட்டு இல்லை, கடை இல்லை, கரண்டு இல்லை. பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் போட்ட படகும் போகக்கூடாது. 1964ஆம் ஆண்டு அந்த நாட்டில் வனாந்தரங்களைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் வந்தது. 1978இல் இந்த இடத்துக்கென்றே தனியாக இன்னொரு சட்டம் போட்டு, மரம் வெட்டி விற்பதையும் நிறுத்தினார்கள்.

மனுசன் கால் படாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒஜிப்வே என்கிற மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூமி அது. பூர்ச்ச மரத்துப் பட்டையால் வள்ளம் கட்டி அந்த ஏரிகளில் போய்வந்தவர்கள் அவர்கள். இன்று உலகமெல்லாம் ஓடுகிற அந்த மாதிரி வள்ளத்தின் வடிவமே அவர்களைப் போன்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வந்ததுதான். 1854இல் ஓர் ஒப்பந்தத்தில் அந்த நிலம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உள்ள உரிமையை மட்டும் அந்த மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. யாரோ பாடுபட்டு வாழ்ந்த மண்ணுக்கு இன்னொருவர் பேரில் உறுதி எழுதப்பட்ட கதை நமக்கு விளங்காத கதை இல்லையே. அது தனிப் பேச்சு, இப்போது வேண்டாம்.

நாங்கள் போனது ஒன்பது பேர். ஒன்பதுக்கு மேல் ஒரு கூட்டமாகப் போக அங்கே அனுமதி இல்லை. வள்ளமும் நாலுக்கு மேல் ஆகாது. 15, 16 வயதுப் பிள்ளைகள் ஆறு பேர், வழிகாட்டிகள் இரண்டு பேர், நான். மூன்று வள்ளம், ஒன்றுக்கு மூன்று பேர். எனக்கு நீச்சல் தெரியாது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? குளிக்கிற பீலியில் யார் நீந்தப் பழகுவது! உயிர்காப்பு அங்கியை நெஞ்சில் இறுக்கிக் கட்டிவிட்டு, நடுவில் உட்காரச் சொன்னார்கள். முதல் நாள் முழுக்க வள்ளத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் என்னைப் பின்னால் உட்கார வைத்தார்கள். முன்னால் இருப்பவர் வலிக்க வேண்டும், பின்னால் இருப்பவர்தான் வள்ளத்தைத் திருப்ப வேண்டும். பத்து நிமிசத்தில் வள்ளத்தை நாணலுக்குள் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன்.

ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரிக்குப் போக, இடையில் காட்டுப் பாதை. அங்கே வள்ளத்தையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பழைய அலுமினிய வள்ளம் ஏறத்தாழ 70 இறாத்தல். அதைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு, கல்லிலும் சேற்றிலும் ஏறி இறங்க வேண்டும். மூட்டைகளில் ஒன்றுக்கு ஒரு தோல் பட்டை வைத்திருந்தார்கள். அதை நெற்றிக்கு மேலே தலையில் மாட்டி, பாரத்தை முதுகில் இறக்கி நடக்கிறது. அதைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் அம்மாவின் கூடைக் கயிறு! இரண்டு நூறு வருசத்துக்கு முன்னே தோல் வியாபாரத்துக்காக அந்த ஏரிகளில் வள்ளம் வலித்த கூலியாட்கள், ஒவ்வொன்றும் 90 இறாத்தல் உள்ள இரண்டு பொதிகளை ஒரே நடையில் இப்படித்தான் தலைப்பட்டையில் சுமந்தார்களாம். பிள்ளைகளுக்கு அந்தப் பட்டை கழுத்தை வலித்தது. நான் மாட்டிக்கொண்டு நடந்தேன். "உனக்கு யார் பழக்கியது?" என்று வழிகாட்டி கேட்டார். எங்கள் ஊரில் பெண்களெல்லாம் இப்படித்தான் சுமப்பார்கள் என்றேன். அன்றைக்குப் பிறகு என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

காட்டைக் காப்பது என்றால் மரம் நடுவது, பதாகை பிடிப்பது என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். அங்கே சொல்லிக்கொடுத்தது எல்லாம் கை வேலை. விறகு எடுக்கிறதா? கீழே விழுந்து காய்ந்தது மட்டும். மணிக்கட்டுத் தடிப்புக்கு மேல் வேண்டாம். தங்குகிற இடத்தைச் சுற்றிப் பொறுக்காமல், தள்ளிப் போய்ப் பொறுக்க வேண்டும். பச்சை மரத்தில் பட்டை உரிக்கக்கூடாது. அடுப்பு மூட்ட ஒவ்வொரு தங்குமிடத்திலும் இரும்புக் கம்பித் தட்டு பதித்திருக்கும், அங்கே மட்டும்தான் நெருப்பு. அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்குள் வெறுங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடு இருந்தால் இன்னும் அணையவில்லை. 2011இல் அந்தக் காட்டில் இடி விழுந்து பிடித்த ஒரு தீ 92 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்தக் கரிந்த மரங்களுக்குள்ளே நாங்கள் ஒரு நாள் போனோம். கீழே இளங்கன்றுகள் நெருக்கமாக வந்திருந்தன.

சாப்பாட்டுச் சாமானுக்குத் தகர டின்னோ கண்ணாடிப் போத்தலோ உள்ளே கொண்டுபோகக்கூடாது. கொண்டுபோன பிளாஸ்டிக் பை ஒவ்வொன்றும் திரும்பி வர வேண்டும். இரவில் சாப்பாட்டு மூட்டையைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் உயரத் தூக்கிவிட வேண்டும், கரடி வரும் என்று. கரடி வரவில்லை. நுளம்புதான் வந்தது. நம்ம ஊர் அட்டை எவ்வளவோ தேவலை.

கக்கூஸ் சங்கதியையும் சொல்லத்தான் வேண்டும், தாய்மார்கள் கோபிக்காதீர்கள். தங்குமிடத்துக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு பெட்டி மாதிரி வைத்திருப்பார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை. அது கிட்டத்தில் இல்லாத இடமென்றால், தண்ணீரில் இருந்து 150 அடி தள்ளிப் போய், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, மண்ணைப் போட்டு மூட வேண்டும். பணக்கார நாட்டுப் பிள்ளைகள், வீட்டில் பளிங்குக் கக்கூஸ் உள்ள பிள்ளைகள், சின்ன மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எண்ணி எண்ணி நடக்கும். அந்த 150 அடி என்கிற கணக்கு எட்டு நாளும் எங்களை விடவில்லை. குளிக்கிறதா, சவுக்காரம் போடுகிறதா, பாத்திரம் கழுவுகிறதா, எல்லாம் தண்ணீரை விட்டு 150 அடி தள்ளி. என் நடைக்கு 60 எட்டு.

இரண்டாம் நாள் இரவு சோறு நான் ஆக்கினேன். பானையில் அடிப்பிடித்துவிட்டது. ஊரில் பழகின பழக்கம், பானையைத் தூக்கிக்கொண்டு நேரே ஏரிக்குப் போய்க் குனிந்தேன். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று ஓடி வந்து என் கையைப் பிடித்தது. கோபமாகக்கூட இல்லை. எதிர்க்கரையில் ஒரு சின்ன நெருப்பு வெளிச்சம் தெரிந்தது. அதைக் காட்டி, "அவங்க நாளைக்குக் காலையில இந்தத் தண்ணியிலதான் கோப்பி போடுவாங்க" என்றது. பிறகு வாளியில் தண்ணீர் மொண்டு, என்னைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் 60 எட்டு நடந்தது. கழுவின தண்ணீரை வடித்து, சோற்றுப் பருக்கையைக் குப்பைப் பையில் போட்டு, வடித்த தண்ணீரை ஓரிடத்தில் கொட்டாமல் மண்ணில் விசிறியது. நான் பானையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை இங்கே தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தேன். புல்லுக்கு மருந்து அடிக்கிற வேலை. ஒரு நாள் மத்தியானம், மழை இருட்டிக்கொண்டு வருகிறது, வீட்டுக்குப் போகிற அவசரம். மருந்து டாங்கியை எங்கே கழுவினேன் தெரியுமா? மேல் ஊத்தில். பணிய லயத்துப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கிற அதே ஊத்தில். மூடியைத் திறந்து, கவிழ்த்து, மூன்று தரம் அலசினேன். நுரை நுரையாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு மூன்று குட்டி மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பார்த்தேன். டாங்கியை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

பீலிக்கரையில் பணிய லயத்து அம்மாயி ஒருவர் குடத்தோடு நின்றார். "என்னாடா தம்பி, தண்ணியில நொர வருது?" என்று கேட்டார். "மேல மழை போல, அம்மாயி" என்று சொன்னேன். அவர் அந்தக் குடத்தை ஊற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் பார்த்திருந்து, மறுபடி பிடித்துக்கொண்டு போனார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கிழமை எந்தக் காம்பராவில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றோட்டம், யார் லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போனது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம். அந்த அம்மாயி இப்போது இல்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கூட்டத்துக்கு ஒத்துக்கொண்டேன். நான் செய்தது தப்பு. அறியாமல் செய்தேன் என்றும் சொல்லமாட்டேன். மீனைப் பார்த்த பிறகு அறியாமை ஏது?

வள்ளப் பயணத்தின் கதைக்குத் திரும்புகிறேன். ஆறாம் நாள், வனத் திணைக்களத்துப் பெண் ஒருவர் எங்களைச் சந்தித்தார். அன்றைக்கு வள்ளம் தூக்குகிற பாதை ஒன்றைத் திருத்துகிற வேலை. மரம் ஒன்று குறுக்கே விழுந்திருந்தது. மோட்டார் வாளுக்கு அங்கே இடமில்லை, இரண்டு பேர் இழுக்கிற நீட்டு வாள்தான். இழுக்க மட்டும் வேண்டும், தள்ளக்கூடாது, தள்ளினால் வாள் வளையும். அது பழக அரை மணித்தியாலம் போனது. அடுத்து, பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கட்டை பதித்து வைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் பாதை நெடுக ஓடி மண்ணை அரிக்காமல், கட்டையில் முட்டிப் பக்கத்துக் காட்டுக்குள் போவதற்கு. சேறு நிரம்பி அது மூடிக் கிடந்தது. பிள்ளைகள் சேற்றை அள்ளிக் கரையிலேயே குவித்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மண் அடுத்த மழைக்குத் திரும்ப உள்ளே வந்துவிடுமே!

மண்வெட்டியை வாங்கினேன். அள்ளின மண்ணைத் தள்ளிப் போட்டு, வாய்க்காலுக்கு வாட்டம் பார்த்து, தண்ணீர் போகிற வாயைக் கொஞ்சம் அகலமாக விட்டு, கல்லு பதித்துக் கொடுத்தேன். எங்கள் அப்பா கான் வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்ததுதான். அந்தப் பெண் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், சரசரவென்று போனது. எங்கே படித்தாய் என்றார். தேயிலை மலையில் என்றேன். பிறகு மற்றக் கட்டைகளுக்கெல்லாம் பிள்ளைகளுக்கு நான்தான் காட்டிக்கொடுத்தேன். அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "கானு வெட்டத்தான் ஏரோப்பிளேன் ஏறிப் போனியா" என்றார். ஆனால் பணிய லயம் வரை போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர்கள் எட்டு நாள் பயணத்தில் பழக்குகிற பல காரியம் நம்ம கையில் ஏற்கனவே இருக்கிறது. சரிவில் மண்ணைப் பிடித்து வைக்க நமக்குத் தெரியும். கவ்வாத்து விறகை வைத்து அடுப்பெரிக்கத் தெரியும். தெரியாமல் போனது, அல்லது தெரிந்தும் விட்டுவிட்டது, அந்தப் பிள்ளை காட்டின எதிர்க்கரை வெளிச்சம்தான்.

குற்றம் முழுவதும் நம் தலையில் என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு லயத்துக்கு ஒரு பீலி, அதற்கும் மேலே இன்னொரு லயத்தின் கக்கூஸ். இப்படிக் கட்டி வைத்தது நாம் இல்லை. குழாய் போடுவதும் கக்கூஸ் கட்டுவதும் நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை. அதைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் அந்தப் பிள்ளைகளுக்கு அது லீவு நாள் பயணம், முடிந்ததும் குழாய்த் தண்ணீர் உள்ள வீட்டுக்குப் போய்விடும். நமக்கு இதுதான் வீடு. ஆனால் மருந்து டாங்கியை ஊத்தில் கழுவியது நிர்வாகம் இல்லை, நான்.

நம்ம கானில் ஓடுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறோமா? இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர் கெசல்கமு ஓயாவில் விழுகிறது. அது காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அப்புறம் மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கை ஆகிறது. களனி கங்கைத் தண்ணீரை அம்பத்தளையில் எடுத்துச் சுத்தம் பண்ணித்தான் கொழும்புக்குக் கொடுக்கிறார்கள். கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போயிருக்கிற நம்ம பிள்ளைகள் குழாயைத் திறந்து குடிக்கிறார்களே, அது நம்ம மலையிலிருந்து போன தண்ணீர்தான். அவ்வளவு தூரம் போகும் முன்னே பணிய லயம் இருக்கிறது.

மருந்து அடிக்கிற தம்பிமாருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். டாங்கியில் மிச்சம் இருந்தால் ஊத்துக்கோ கானுக்கோ கொண்டுபோகாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, மருந்து அடித்த மலையிலேயே திரும்ப அடித்துவிடுங்கள். இப்படி மூன்று தரம். கழுவத் தண்ணீரை வாளியில் மேலே கொண்டுபோக வேண்டும், டாங்கியைத் தண்ணீருக்குக் கொண்டு வரக்கூடாது. காலிப் போத்தலைப் பிள்ளைகள் கையில் எடுக்க விடாதீர்கள், மண்ணெண்ணெய் வாங்கவும் வேண்டாம். அவசரமாக மழை வரும், வீட்டுக்குப் போக வேண்டும் என்றிருக்கும், எனக்குத் தெரியும்.

ஒஜிப்வே மக்கள் பற்றி ஒன்று விட்டுப்போனது. அந்த ஏரிகளில் தானாக விளைகிற ஒரு நெல்லு இருக்கிறது. இரண்டு பேர் வள்ளத்தில் போய், ஒருவர் தள்ள, மற்றவர் இரண்டு குச்சியால் கதிரை வளைத்து மெல்லத் தட்டுவார். முற்றினது வள்ளத்துக்குள் விழும், கொஞ்சம் தண்ணீருக்குள்ளும் விழும். தண்ணீரில் விழுந்தது அடுத்த வருசம் முளைக்கும். அந்த அரிசியில் ஒரு நாள் சோறு ஆக்கினோம். கறுப்பாக, நீளமாக இருந்தது. அன்றைக்கு அடிப்பிடிக்கவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமை காரியத்தைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். காலை எட்டு மணிக்கு மேல் ஊத்தடியில் கூடுகிறோம். 150 அடி அளந்து முடிச்சுப் போட்ட கயிறு என்னிடம் இருக்கிறது. ஊத்தைச் சுற்றி அந்த அளவுக்குக் கல்லு வைத்து அடையாளம் போடுவோம். உள்ளே துணி துவைக்கிற கல்லு இரண்டு கிடக்கிறது, அதைப் பணியே நகர்த்த எங்கே இடம் என்று அம்மாமார்கள்தான் காட்ட வேண்டும். சும்மா நாங்களாகத் தூக்கிப் போட்டால் நாளைக்குச் சண்டை வரும். ஊத்துக்கு மேலே உள்ள கான் தூர்ந்து போயிருக்கிறது, அதை வெட்டிவிட வேண்டும். எங்கள் அப்பா வருவார், வேலை அவர் சொல்கிறபடி. மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். தேத்தண்ணியும் ரொட்டியும் கோயில் கமிட்டி தருகிறதாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கம் அட்டை அதிகம், காலுக்குச் சவுக்காரம் தடவிக்கொண்டு வாருங்கள். திரும்பும்போது ஊத்தில் காலைக் கழுவிவிடாதீர்கள்.